நேராக வர வேண்டிய பட்டை வளைகிறது, வளைய வேண்டிய தையல் மடங்குகிறது

ஒட்டுத்துணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பை, தலையணை உறை, குழந்தைச் சட்டை என்று நாலைந்து வருடமாகத் தைக்கிறேன், ஆனால் குயில்ட், அதாவது துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, இதுதான் முதல் தடவை. துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, நீளவாக்கில் இணைத்து, அதிலிருந்து துண்டு போடும் முறைதான் புதியவர்களுக்குச் சுலபம் என்று பலரும் சொன்னார்கள், சரி என்று இறங்கினேன். வெறும் சதுரமாகவே இருந்தால் சலிப்பாக இருக்குமே என்று கூடவே கால்வட்டத்தையும் சேர்த்துக்கொண்டேன். அங்கேதான் வினை.

பட்டை ஒவ்வொன்றும் 2.5 இஞ்ச் அகலம், 42 இஞ்ச் நீளம். மூன்று மூன்றாகச் சேர்த்தேன். கணக்குப்படி 6.5 இஞ்ச் அகலம் வர வேண்டும், எனக்கு 6.25-தான் வருகிறது. அது போகட்டும், சேர்த்த பட்டையை மேசையில் விரித்தால் நேராகக் கிடக்க மாட்டேன் என்கிறது. அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது. இரண்டு முனைக்கும் நேராக ஒரு கயிற்றைப் பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு இஞ்ச் இடைவெளி.

அதையும் பொறுத்துக்கொண்டு எல்லாவற்றையும் 6.25 இஞ்ச் சதுரமாக வெட்டினேன், ஒரு மூலையிலிருந்து 4 இஞ்ச் ஆரத்தில் கால்வட்டம் போட்டேன். இப்போது பட்டைத்துணியின் கால்வட்டத்தைச் சாதாத் துணியின் வளைவுக்குள் பொருத்தித் தைத்தால், முடியும் இடத்தில் சாதாத் துணி கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் மிஞ்சி நிற்கிறது. விடாமல் அமுக்கித் தைத்தால் மடிப்பு மடிப்பாக விழுகிறது. நாலு பிளாக் (குயில்ட்டில் சேரும் ஒவ்வொரு சதுரம்) தைத்து நாலையும் பிரித்தாயிற்று, பிரித்த இடத்தில் ஓரமெல்லாம் நூல் நூலாகக் கிளம்பிவிட்டது. இன்னும் 20 ஜோடி வெட்டி அடுக்கி வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. வளைவு எனக்குக் கைவராத விஷயமா, இல்லை வேறு எங்கேயாவது தப்பா?

குண்டூசி டப்பா எழுதியது:

வளைவுக்குக் குண்டூசியில் கஞ்சத்தனம் காட்டினால் இப்படித்தான் ஆகும், நானும் பட்டிருக்கிறேன். இரண்டு துண்டையும் பாதியாக மடித்து நடுவில் நகத்தால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். முதல் குண்டூசி அந்த நடுவில், அடுத்தவை இரண்டு முனையிலும், அப்புறம் இடையில் எத்தனை முடியுமோ அத்தனை. ஒரு கால்வட்டத்துக்கு நான் 9 குத்துவேன்.

குழிந்த வளைவு உள்ள துண்டு, அதாவது எல் வடிவத் துண்டு, மேலே இருக்கட்டும். அதன் ஓரத்தில் அரை இஞ்சுக்கு ஒன்றாக, 1/8 இஞ்ச் ஆழத்துக்கு மேல் போகாமல், கத்தரி நுனியால் சின்னச் சின்ன வெட்டு கொடுத்தால் விரிந்து கொடுக்கும். மெஷினை ஆமை வேகத்தில் ஓட்டுங்கள். ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது மட்டும் நிறுத்தி, ஃபுட்டை (துணியை மேலிருந்து அழுத்தும் பாதம்) தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி இறக்குங்கள். அவ்வளவுதான், நாலு பிளாக்கில் கை பழகிவிடும்.

நீளத்தையல் எழுதியது:

வளைவைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், எனக்குப் பட்டைதான் தெரியும். அதில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் அரிவாள். எல்லாத் தையலையும் ஒரே முனையிலிருந்தே ஆரம்பித்தீர்களா? அப்படித்தான் இருக்கும். மெஷினில் அடியில் உள்ள பல் கீழ்த்துணியைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது, மேலே இருக்கும் ஃபுட் மேல்துணியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவைக்கிறது, அதனால் இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒரு சாண் தையலில் இது கண்ணுக்கே தெரியாது. 42 இஞ்ச் ஓடி முடிக்கும்போது மேல்துணி சில இழை மிஞ்சி நிற்கும். அடுத்த பட்டையையும் அதே முனையிலிருந்து அதே மாதிரி மேலே வைத்துத் தைத்தால் அந்தப் பிசகு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். முதல் தையலை இந்த முனையிலிருந்து போட்டால் அடுத்ததை அந்த முனையிலிருந்து போடுங்கள், ஒன்று கெடுத்ததை இன்னொன்று சரிக்கட்டிவிடும். ஐந்தாறு பட்டை சேர்ப்பதாக இருந்தால் முதலில் ஜோடி ஜோடியாகத் தைத்து, அப்புறம் ஜோடிகளை இணையுங்கள்.

இஸ்திரியும் பாதிக் குற்றவாளி. கரைக்குக் கரை வெட்டிய பட்டையில் நீளவாக்கில் ஓடுவது ஊடு நூல் (நெய்யும்போது குறுக்கே போவது), நெடுக்கே ஓடும் பாவு நூலைவிட அது இழுத்தால் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும். அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்ப்பதுபோல இழுத்தால் ஒரு பக்கம் நீண்டுபோகும். தைத்ததும் பிரிக்காமல் அப்படியே தையல் கோட்டின்மேல் பெட்டியை வைத்து எடுங்கள். பிறகு விரித்து, வைத்து எடுத்து, தள்ளி வைத்து எடுத்து. தேய்க்கவே கூடாது. நீராவியும் வேண்டாம்.

அடுத்தது அகலம். மூன்று பட்டைக்கு இரண்டு தையல், தையலுக்கு இரண்டு பக்கம், ஆக நாலு இடத்தில் துணி உள்ளே போகிறது. உங்களுக்குக் குறைவது 0.25 இஞ்ச். நாலால் வகுத்தால் 1/16. அதாவது கால் இஞ்ச் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் 5/16 பிடிக்கிறீர்கள். முழுவதும் உங்கள் கைத்தப்பு இல்லை, துணி மடிந்து திரும்பும் இடத்திலேயே ஓரிரு இழை போய்விடும். அதனால்தான் குயில்ட்காரர்கள் கால் இஞ்சைவிட ஒரு இழை குறைவாகப் பிடிக்கிறார்கள். சோதனை சுலபம். 1.5 இஞ்ச் அகலத்தில் மூன்று சின்னப் பட்டை வெட்டி, சேர்த்துத் தைத்து, அயர்ன் செய்து, நடுத்துண்டை மட்டும் அளந்து பாருங்கள். சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, கால் இஞ்ச் கோட்டுக்கு ஒரு இழை உள்ளே ஊசி இறங்கும்படி பார்த்து, ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் நாலைந்து அடுக்காக டேப் ஒட்டிவிடுங்கள். துணி அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டே போனால் போதும், ஃபுட்டை நம்பவே வேண்டாம்.

வளைந்த பட்டையைப் பிரிக்காதீர்கள், பாவம். வளைவு நீளத்தின் இருமடிக்கு ஏற்பத்தான் கூடும் குறையும். 42 இஞ்சில் 1 இஞ்ச் வளைவு என்றால் 6 இஞ்ச் துண்டில் அது 0.02 இஞ்ச்தான். துணிக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. மூன்று நாலு வெட்டுக்கு ஒரு தடவை ஸ்கேலைப் பட்டையின் ஓரத்தோடு ஒட்டாமல் நடுத் தையல் கோட்டோடு ஒட்டி வைத்து, முனையைச் செங்கோணமாகச் சீவிவிட்டு மேலே வெட்டுங்கள், பிழை சேராது. 6.25 இஞ்சே இருக்கட்டும், எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருந்தால் யார் வந்து ஸ்கேல் வைக்கப் போகிறார்கள்.

சும்மா ஒரு தகவல். இந்த முறை ஏதோ நேற்று வந்தது இல்லை. ஃப்ளோரிடாவின் செமினோல் மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பட்டைகளைச் சேர்த்து, குறுக்கே வெட்டி, தள்ளித் தள்ளி இணைத்து உடையில் வைத்திருக்கிறார்கள், அதுவும் கையால் சுற்றும் மெஷினில். நமக்கு 1979-இல் ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்த ரோட்டரி கட்டர் (துணி வெட்டும் உருளும் வட்டக் கத்தி) இருக்கிறது, இருந்தும் அரிவாள் வருகிறது.

ஒட்டுத்துணி எழுதியது:

நீளத்தையல், நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. எல்லாவற்றையும் ஒரே முனையிலிருந்துதான் தைத்தேன், நீராவியும் போட்டேன், பெட்டியை இழுத்தும் தேய்த்தேன், ஒன்றையும் விடவில்லை. சோதனையும் செய்தேன். நடுத்துண்டு 7/8 இஞ்ச் வந்தது. டேப் ஒட்டியபிறகு ஒரு இஞ்ச் வந்துவிட்டது. பட்டைக் கதை முடிந்தது, ரொம்ப நன்றி.

வளைவுதான் அசையவில்லை. குண்டூசி டப்பா சொன்னபடி 9 குண்டூசி, வெட்டு, ஆமை வேகம் எல்லாம் ஆயிற்று. நடுவும் ஒரு முனையும் பொருந்துகின்றன, மறு முனையில் அதே கதை. கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனாலும் முக்கால் இஞ்ச் மிஞ்சுகிறது. இன்னொன்றும் புரியவில்லை. வெட்டு கொடுத்தால் எல் துண்டு விரிந்து நீளும் என்கிறீர்கள். எனக்கு அது ஏற்கெனவே நீளமாக இருப்பதுதானே பிரச்சினை? குறைய அல்லவா வேண்டும்?

எப்படி வெட்டினேன் என்று சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டைச் சதுரத்தையும் சாதாச் சதுரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டுக்கும் நல்ல பக்கம் மேலே வருமாறு வைத்து, ஒரே வெட்டாகக் கால்வட்டம் வெட்டிவிட்டேன். அப்புறம் மாற்றிப் போட்டால் இதன் கால்வட்டம் அதற்கு, அதன் கால்வட்டம் இதற்கு, துணி ஒரு துளி வீணாகாது. ஒரு வீடியோவில் இப்படித்தான் அடுக்கி வெட்டினார்கள், அவர்களுக்கு அழகாக வந்தது.

பழைய கத்தரி எழுதியது:

அம்மா, நோய் உங்கள் கையில் இல்லை, கடைசியாக எழுதிய அந்த ஒரே வெட்டில் இருக்கிறது.

ஒரு தடித்த நூலை எடுத்துக்கொள்ளுங்கள். கால்வட்டத் துண்டில் வெட்டிய ஓரத்தை விட்டுவிடுங்கள், அதிலிருந்து கால் இஞ்ச் உள்ளே, ஊசி ஓடப்போகும் கோட்டின்மேல் அந்த நூலைப் படுக்கவைத்து நீளம் பாருங்கள். எல் துண்டிலும் அதே மாதிரி ஓரத்திலிருந்து கால் இஞ்ச் உள்ளே வைத்துப் பாருங்கள். இரண்டு நூலும் ஒரே நீளமாக இருக்காது. கால்வட்டத்தில் 'உள்ளே' என்றால் மையத்தைப் பார்த்து, ஆரம் 3.75 ஆகிவிடும், நீளம் 5.89 இஞ்ச். எல் துண்டில் 'உள்ளே' என்றால் மையத்தை விட்டு வெளியே, ஆரம் 4.25, நீளம் 6.68. வித்தியாசம் 0.79 இஞ்ச். நீங்கள் சொல்லும் முக்கால் இஞ்ச் அதுதான்.

முதலில் ஒரு இஞ்ச் மிஞ்சியது என்றீர்களே, அதையும் பாருங்கள். அப்போது உங்கள் பிடிப்பு 5/16. அதே கணக்கை 5/16-க்குப் போட்டால் 0.98 வருகிறது. பட்டை 6.25 ஆகச் சுருங்கியதும் வளைவில் ஒரு இஞ்ச் மிஞ்சியதும் ஒரே அரை நூல் (1/16 இஞ்ச்) தப்பின் இரண்டு முகம். டேப் ஒட்டியதும் இரண்டும் ஒன்றாகக் குறைந்தன, மீதி முக்கால் இஞ்ச் வெட்டிலேயே இருப்பது. அதை எந்தக் குண்டூசியாலும் மறைக்க முடியாது.

சரியான ஜோடி எது என்றால், கால்வட்டத்தின் ஆரம் எல் துண்டின் ஆரத்தைவிட அரை இஞ்ச் பெரிதாக இருக்க வேண்டும். 4 இஞ்ச் கால்வட்டத்துக்கு 3.5 இஞ்ச் குழிவு. தையல் கோடு இரண்டிலும் 3.75-இல் விழும், நூல் வைத்தால் ஒரே நீளம். ஆனால் வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஒன்று 6.28 இஞ்ச், மற்றது 5.5. அப்படித்தான் இருக்க வேண்டும். சட்டைக்குக் கை ஏற்றும்போது கைத்துண்டின் வளைவும் கைக்குழியும் மேசையில் வைத்தால் பொருந்தியா இருக்கின்றன? ஊசி ஓடும் கோட்டில் பொருந்தினால் போதும். உங்களுக்கு இதுவரை ஓரம் இரண்டும் அச்சாகப் பொருந்தியிருக்கும், அதைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்கிறீர்கள்.

இப்போது குண்டூசி டப்பா சொன்ன வெட்டுக்கு வருவோம். சரியான ஜோடியில் எல் துண்டின் ஓரம் குட்டையாக இருக்கும். அது தையல் கோட்டோடு படுக்க விரிந்து கொடுக்க வேண்டும், அதற்குத்தான் வெட்டு. உங்கள் ஜோடியில் அது உதவாது என்று நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

வெட்டிவைத்த 20 ஜோடியைத் தூக்கிப் போடாதீர்கள். 4 இஞ்ச் கால்வட்டங்களுக்குப் புதிய 6.25 சதுரத்தில் 3.5 இஞ்ச் குழிவு வெட்டுங்கள். 4 இஞ்ச் குழிவோடு இருக்கும் எல் துண்டுகளுக்கு 4.5 இஞ்ச் கால்வட்டம் வெட்டுங்கள். இரண்டு வகையும் தைத்து முடித்தால் 6.25 இஞ்ச் பிளாக்தான். வட்டம் மட்டும் இரண்டு அளவில் வரும், ஒன்று கிட்டத்தட்ட 7 இஞ்ச் விட்டம், மற்றது 8. ஒரு வட்டத்துக்கு ஒரே வகையாக நாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பிளாக் சேரும் இடத்தில் வளைவு அரை இஞ்ச் தள்ளி நிற்கும்.

முறுக்குநூல் எழுதியது:

அண்ணா, மன்னிக்கணும், ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் மூன்று குயில்ட் முடித்திருக்கிறேன், மூன்றிலும் இரண்டு துணியை அடுக்கி ஒரே வெட்டாகத்தான் வளைவு போட்டேன். ஸ்கேல் கூட வைக்காமல் கைபோன போக்கில் ரோட்டரி கட்டரை ஓட்டுவேன். மடிப்பும் இல்லை, மிச்சமும் இல்லை. அரை இஞ்ச் வித்தியாசம் இல்லாமல் தைக்கவே முடியாது என்றால் எனக்கு எப்படி வந்தது?

பழைய கத்தரி எழுதியது:

நல்ல கேள்வி. உங்களுடையது அலை, அவர்களுடையது கால்வட்டம்.

மிஞ்சும் நீளத்துக்கும் வட்டம் பெரிதா சிறிதா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. 3 இஞ்ச் ஆரம் ஆனாலும் 10 இஞ்ச் ஆரம் ஆனாலும் கால்வட்டத்துக்கு அதே 0.79-தான். கணக்கில் வருவது கோடு எத்தனை டிகிரி திரும்பியது என்பது மட்டும். 90 டிகிரி திரும்பினால் 0.79, அரைவட்டமாக 180 திரும்பினால் 1.57. உங்கள் அலை ஒரு பக்கம் 20 டிகிரி திரும்பியிருக்கும், அதற்கு 0.17 இஞ்ச். உடனே மறுபக்கம் 20 டிகிரி திரும்பும், அங்கே எதிர்த்திசையில் அதே 0.17. ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும், நடுவில் வரும் சின்னப் பிசகை வளைந்த ஓரம் தானே இழுபட்டு விழுங்கிவிடும், ஏனென்றால் வளைவில் ஓரம் பாதி கிராஸாக, அதாவது துணியின் நூலுக்குச் சாய்வாக, ஓடுகிறது. ஆகவே மெல்லிய அலைக்கு அடுக்கி வெட்டுவது நல்ல முறை, நானும் செய்வேன். அந்த வீடியோவிலும் அலைதான் வெட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும் வளைவுக்கு அது ஆகாது.

முறுக்குநூல் எழுதியது:

ஓ. அதனால்தான் ஒரு தடவை நத்தைச்சுருள் வெட்டிப் பார்த்து, தைக்கவே முடியாமல் மூட்டை கட்டி வைத்தேன் போலிருக்கிறது. துணி தரமில்லை என்று இத்தனை நாளும் துணியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

குண்டூசி டப்பா எழுதியது:

நான் பாதி மருந்து மட்டும் கொடுத்திருக்கிறேன், மன்னிக்கவும். எனக்கு எப்போதும் கடையில் வாங்கிய டெம்ப்ளேட் (வெட்டுவதற்கான அளவு அச்சு), அதில் அந்த அரை இஞ்ச் ஏற்கெனவே இருக்கிறது, யோசிக்க வேண்டி வந்ததே இல்லை.

சரி, அளவு சரியான பிறகு எது மேலே எது கீழே என்பதில் சண்டை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தையல் கற்றுக்கொடுப்பவர்கள் பலர் 'தளர்வான துணி கீழே இருக்கட்டும், மெஷினின் பல் அதை இழுத்து அடக்கிக்கொள்ளும்' என்பார்கள். கால்வட்டத்தின் ஓரம்தான் நீளம், ஆக அது கீழே, எல் மேலே. நானும் அப்படித்தான். மடிப்பு விழப்போவது மேலே இருக்கும் எல் துண்டில், கண்ணால் பார்த்து விரலால் ஒதுக்கிவிடலாம். சிலர் நேர்மாறாக, கால்வட்டத்தை மேலே வைத்துத் தைக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றாகத்தான் வருகிறது. இரண்டையும் ஒவ்வொன்று செய்து பார்த்து, கைக்கு எது வசதியோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது பட்டைத்துணி என்பதால் இன்னும் இரண்டு விஷயம். கால்வட்டம் வெட்டும்போது பட்டைகளைச் சேர்த்த தையலையும் குறுக்கே வெட்டுகிறோம், அந்த முனையில் தையல் பிரிய ஆரம்பிக்கும். பட்டைகளைச் சேர்க்கும்போதே தையல் நீளத்தை 2.5 மி.மீ.யிலிருந்து 2-க்குக் குறைத்துவிடுங்கள். அந்தத் தையல்களை ஒரு பக்கமாகச் சாய்க்காமல் இரண்டு பக்கமும் திறந்து அயர்ன் செய்யுங்கள். சாய்த்தால் அந்த இடத்தில் துணி தடித்து, வளைவில் போகும்போது ஃபுட் அதன்மேல் ஏறிக் குதிக்கும், கோடு அங்கே மட்டும் நெளியும். குண்டூசியில் ஒன்று கட்டாயம் அந்தச் சேர்மானத்தில் விழட்டும். வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கிவிட்டால் கிராஸ் ஓரம் இழுபடுவது பாதி குறையும்.

ஏழாம் பட்டை எழுதியது:

இவ்வளவு கணக்கைப் பார்த்துப் பயந்துபோய் யாராவது ஓடிவிடப் போகிறார்கள். வளைவு வேண்டும், வளைவுத் தையல் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சந்து இருக்கிறது, அதற்குப் பெயர் பார்ஜெல்லோ. ஃப்ளாரன்ஸில் உள்ள பார்ஜெல்லோ அரண்மனை நாற்காலிகளின் ஊசிவேலையிலிருந்து வந்த பெயர். குயில்ட்டில் அதைப் பட்டையாலேயே செய்கிறோம்.

வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை வரிசையாகப் பட்டைகளைச் சேர்த்து, முதல் பட்டையையும் கடைசிப் பட்டையையும் இணைத்துவிட்டால் ஒரு குழாய் கிடைக்கும். அந்தக் குழாயைக் குறுக்கே வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தையும் ஒரு பட்டை தள்ளித் தள்ளிப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறம் படிப்படியாக ஏறும். சூட்சுமம் வளையத்தின் அகலத்தில் இருக்கிறது. 2.5 இஞ்ச், 2, 1.5, 1.25 என்று குறுக்கிக்கொண்டே போனால் ஏற்றம் செங்குத்தாகும், அகலத்தைக் கூட்டினால் சரிவு படுத்துக்கொள்ளும். தள்ளி நின்று பார்த்தால் அலை, கிட்டப் போனால் எல்லாம் செவ்வகம். எனக்கு வளைவுத் தையல் தெரியும், ஆனாலும் சோம்பலான மாதங்களில் இதைத்தான் செய்கிறேன்.

ஒரே எச்சரிக்கை, வளையத்தை எந்த இடத்தில் பிரிக்கிறோம் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் எழுந்துபோய் வந்து மறுபடி உட்கார்ந்தால் எல்லா வளையமும் ஒரே முகமாகத்தான் தெரியும்.

ஒட்டுத்துணி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். அட்டையில் 3.5 இஞ்ச் குழிவு ஒன்று வெட்டி, முதலில் நூல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீளம், அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது. எல் துண்டை மேலே வைத்து, நடுவில் ஒன்று, முனைக்கு ஒன்று, பட்டைச் சேர்மானத்தில் ஒன்று என்று நாலே குண்டூசி குத்தினேன். தைக்கும்போது கடைசி வரை நம்பிக்கை இல்லை, ஏனென்றால் ஓரம் அவ்வளவு கோணலாகத் தெரிந்தது. ஊசி மறு முனைக்கு வந்தபோது இரண்டு துணியின் நுனியும் ஒன்றாகவே வந்து நின்றன. விரித்து அயர்ன் செய்தால் மேசையோடு மேசையாகப் படுத்துக்கிடக்கிறது. ஒரு மடிப்பு இல்லை. வீட்டில் எல்லாருக்கும் கூப்பிட்டுக் காட்டினேன், ஒருவருக்கும் என்ன விசேஷம் என்று புரியவில்லை.

இதுவரை 8 ஆயிற்று. தையல் மடிப்பை எல் துண்டின் பக்கமே சாய்த்தேன், வெட்டு கொடுத்த இடமெல்லாம் விசிறி மாதிரி விரிந்து அடங்கிக்கொண்டது. கால்வட்டத்தின் பக்கம் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தேன், அங்கே துணி நெருக்கியடித்துக்கொண்டு மேடு தட்டுகிறது. பார்ஜெல்லோவும் ஆசையாக இருக்கிறது, இதை முடித்துவிட்டுத்தான்.

பழைய கத்தரி, ஒரே ஒரு சந்தேகம். நாலு பிளாக்கைச் சேர்த்து வட்டமாக்கினால், பிளாக்கும் பிளாக்கும் சேரும் நாலு இடத்திலும் வட்டம் மிகமிக லேசாகக் கூம்பின மாதிரி தெரிகிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறதா?

பழைய கத்தரி எழுதியது:

இல்லை, உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. காம்பஸ் முள்ளைத் துணியின் மூலையிலேயே குத்தி வட்டம் போட்டிருக்கிறீர்கள். ஆனால் பிளாக்குகளைச் சேர்க்கும்போது அந்த மூலை கால் இஞ்ச் உள்ளே போய்விடுகிறது, அதனால் நாலு கால்வட்டத்தின் மையமும் ஒரே புள்ளியில் சேருவதில்லை. சேரும் இடத்தில் ஒவ்வொரு வளைவும் 4 டிகிரி சாய்ந்து வந்து முட்டும், அதுதான் அந்தக் கூம்பல்.

இப்போது வெட்டியதை அப்படியே விடுங்கள். குயில்ட் முடிந்து மேலே அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையலும் விழுந்துவிட்டால் கண்டுபிடிக்க உங்களால் மட்டும்தான் முடியும். அடுத்த தடவை அட்டை வெட்டும்போது முள்ளை மூலையில் குத்தாமல், இரண்டு ஓரத்திலிருந்தும் கால் இஞ்ச் உள்ளே தள்ளிக் குத்துங்கள். அங்கிருந்து கால்வட்டத்துக்கு 3.75 இஞ்ச், குழிவுக்கு 3.25 இஞ்ச். தையல் 3.5-இல் விழும், வட்டம் 7 இஞ்ச் முழு வட்டமாக வரும். இரண்டு அட்டையிலும் வளைவின் நடுவில் ஒரு சின்ன 'வி' வெட்டும் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் மடித்துக் கீற வேண்டியிருக்காது.